மூடச் சொன்னவர்கள்

எனக்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. உறவினர்களுக்கு எங்கள் வீட்டார் சொன்னது குடலிறக்கம் என்று. இரண்டும் இறக்கம்தானே, இது முழுப் பொய் ஆகாது என்று மருமகள் கௌரி சமாதானம் சொன்னாள். குடலிறக்கம் ஆண்களுக்கும் வரும். ஆகவே அது மரியாதையான நோய். கெலிஓயாவில் எங்கள் வீதியில் உள்ளவர்கள் என் குடலுக்காகக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். நானும் குடித்தேன். நல்ல கஞ்சி.

இப்போது தேறிவிட்டேன். கடைக்குப் போய் வருகிறேன், படி ஏறுகிறேன். தேறியவர்கள் தங்கள் நோயைப் பற்றி எழுதும்போது கடவுளுக்கும் வைத்தியர்களுக்கும் நன்றி சொல்லித் தொடங்குவார்கள். அதை நான் தபாலில் அனுப்பிக்கொள்கிறேன். இங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். வாசிக்கிற பெண்களில் பலருக்கு என் நோய் இருக்கும். சொல்ல மாட்டீர்கள். நானும் சொல்லவில்லை.

நோய் இதுதான். கர்ப்பப்பை, அதற்கு முன்னால் சலப்பை என்ற சிறுநீர்ப்பை, பின்னால் மலக்குடல். இவற்றை அடியிலிருந்து தாங்குவது தொட்டில்போன்ற ஒரு தசைத் தளம். ஒவ்வொரு பிரசவத்திலும் அது இழுபடுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹோர்மோன் குறைவதால் அந்த இடத்துத் தசையும் தோலும் மெலிகின்றன. மெலிந்த தளம் தாங்காதபோது மேலே இருப்பது பெண்ணுறுப்பின் வழியே கீழே வருகிறது. முதலில் உள்ளேயே தங்கும். பிறகு வாசல்வரை வரும். எனக்கு வெளியே வந்து தொங்கியது.

நான் அரசாங்கத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவள். எந்தக் கோவை எந்த மேசையில் தூங்கும், யாரைப் பிடித்தால் எழும்பும் என்பதெல்லாம் தெரியும். என் உடம்பிலிருந்தே ஓர் உறுப்பு வெளியே வந்து எட்டிப் பார்த்தபோது எந்த மேசைக்குப் போவது என்று தெரியவில்லை. பழைய சாரியைக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். சலம் போவதற்கு முன் விரலால் உள்ளே தள்ளினேன். அடி இறங்கிவிட்டது என்று எங்கள் பெண்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதையும் பெரும்பாலும் செத்துப்போனவர்களைப் பற்றித்தான் சொல்வார்கள், இன்னாருக்கு அதுவும் இருந்ததாம் என்று. உயிரோடு இருப்பவர்களுக்கு அந்த நோய் வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஒருநாள் ஹவுஸ்கோட்டில் இரத்தம் பட்டிருந்தது. எனக்கு மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல். நின்று ஒரு வருடம் கழிந்தபின் ஒரு துளி இரத்தம் வந்தாலும் காட்ட வேண்டும். புற்றுநோயாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பார்க்காமல் யாருக்கும் தெரியாது. மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வெட்கத்தை வென்றது அறிவு அல்ல, அந்தப் பயம்தான்.

பெரிய ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு விடிந்தும் விடியாமலும் போனோம். நானும் என் கணவரும். கண்டியில் துணிக்கடை வைத்திருந்தவர், இப்போது கடையை மகனிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய் மகனைத் திட்டிவிட்டு வருகிறவர். இலக்கம் எடுத்து வாங்குகளில் உட்கார்ந்திருந்தோம். அங்கே பெண்கள் எல்லோரும் ஏதோ திருட்டுக் கேஸில் பிடிபட்டவர்கள்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த ஆண்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் முறை வந்தபோது தாதி கொப்பியில் என் பெயரைப் பார்த்தாள். பெயர் சரஸ்வதி. உடனே உள்ளே திரும்பி, தமிழ் டொக்டரை வரச் சொல்லுங்கள் என்று சிங்களத்தில் சத்தம் போட்டாள். எனக்குச் சிங்களம் வராது என்று அவளாகவே முடிவுசெய்துவிட்டாள். என் உத்தியோகக் காலம் முழுக்கச் சிங்களத்தில் கோவை எழுதியவள் நான். அவளைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அலுவலகத்தில் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் இருக்கிறது. எதிரில் இருப்பவளுக்கு விளங்காது என்று நினைக்கும்போது அதிகாரிகள் உண்மையைப் பேசுவார்கள். மொழி தெரியாத முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், மனுப் போட்டாலும் கிடைக்காத விடயங்கள் இலவசமாகக் கிடைக்கும்.

தமிழ் டொக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பயிற்சி முடித்து அதிக காலம் ஆகியிராது. பெயர் அபிராமி. பெரிய டொக்டர் ஐம்பதைத் தாண்டியவர், மென்மையான குரல், சுத்தமான கைகள். என்னைக் கட்டிலில் படுக்கவைத்துக் காலை அகட்டி, இடுப்புக்கு மேல் துணியைப் போட்டு மூடினார்கள். மூட வேண்டியது எதுவோ அது திறந்திருந்தது. மாணவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். பெரிய டொக்டர் என் கால்களுக்கு நடுவே நின்று அவர்களுக்குப் பாடம் எடுத்தார். இருமச் சொல்லுங்கள் என்றார். இருமுங்கோ அம்மா என்று அபிராமி மொழிபெயர்த்தார். இருமினேன். பார்த்தீர்களா, முழுதாக வெளியே வந்துவிட்டது என்று பெரிய டொக்டர் மகிழ்ந்தார். ஒரு மாணவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் தாயை நினைத்திருப்பான், பாவம்.

இரத்தம் வந்த இடம் வெளியே தொங்கிய பகுதியில் உரசலால் ஏற்பட்ட புண் என்றார்கள். ஆனாலும் விடவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பையின் உட்தோலில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருவதற்கு எடுத்த நாட்களில் நான் என் மரணத்துக்குப் பின் நடக்க வேண்டியவற்றையெல்லாம் மனத்தில் ஒழுங்குசெய்தேன். பென்ஷன், காணி உறுதி, கௌரிக்குப் போகவேண்டிய வளையல், போகக்கூடாத வளையல். கணவர் வழக்கம்போலக் கடைக்குப் போய்வந்தார். ஒருநாள் மட்டும் எனக்குப் பிடித்த லாம்பு மார்க் பிஸ்கட் இல்லை என்று வேறு இரண்டு கடைகளுக்கு ஏறி இறங்கி வாங்கிவந்தார். அதை எழுதாவிட்டால் நியாயம் இல்லை.

புற்றுநோய் இல்லை. அதைச் சொன்ன அதே நாளில்தான் மற்றதையும் முடிவுசெய்தார்கள்.

எனக்கு இரண்டு வழி இருந்தது. இதைப் பெரிய டொக்டர் மாணவர்களுக்குச் சிங்களத்தில் விளக்கினார், எனக்கு அல்ல. முதல் வழியில் கீழ்வழியாகவே கர்ப்பப்பையை எடுத்துவிட்டுத் தளர்ந்த சுவர்களை இழுத்துத் தைத்துத் தூக்கிக் கட்டுவார்கள். நீண்ட நேரம் எடுக்கும், இரத்தம் போகலாம், சலப்பையில் காயம் படலாம், பிறகு மறுபடியும் இறங்கவும் கூடும். இரண்டாவது வழியில் பெண்ணுறுப்பின் முன்சுவரையும் பின்சுவரையும் ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து வழியையே மூடிவிடுவார்கள். சீக்கிரம் முடிந்துவிடும், ஆபத்து குறைவு, மறுபடி இறங்குவது அபூர்வம். ஆனால் அதன்பிறகு உடலுறவு முடியாது. திரும்பத் திறக்கவும் முடியாது. எனக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருப்பதால் இரண்டாவது நல்லது என்றார். தாம்பத்தியம் இல்லாத வயதான பெண்ணுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்றார். ஒரு மாணவி, அதை நோயாளியிடம் கேட்க வேண்டுமா சேர் என்று கேட்டாள். இந்த வயதில் இதை யார் பாவிக்கிறார்கள் என்றார். பிறகு, சரி, கேட்பதுதான் முறை, மாத்தையாவைக் கூப்பிடுங்கள் என்றார்.

என் கணவர் உள்ளே வந்தார். எந்த நடைமுறையும், நினைவோடு இருக்கும் நோயாளியைத் தாண்டிக் கணவனிடம் போகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊரில் அது வழக்கம். கருக்குழாயைக் கட்டுவதற்கும் அவரைக் கேட்பார்கள், கர்ப்பப்பையை எடுப்பதற்கும் அவரைக் கேட்பார்கள். வாடகை வீட்டில் சுவருக்கு ஆணி அடிப்பதற்கு முன் சொந்தக்காரரைக் கேட்பதுபோல.

பெரிய டொக்டர் அவரிடம் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னார். உடலுறவு முடியாது என்பதையும் சொன்னார். கணவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்று அந்த அறையில் தெரிந்திருந்த ஒரே ஆள் அவர். நான் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருப்பதையும் கண்டார். என் தந்திரம் அவருக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் சொன்னார், சிங்களத்தில், சிரித்துக்கொண்டே:

"அதெல்லாம் இனி எதுக்கு டொக்டர்? வேணாம். மூடிடுங்க."

கடையை நேரத்தோடு பூட்டச் சொல்லும் குரல் அது. பெரிய டொக்டரும் சிரித்தார். ஆண்களுக்கு இடையில் ஒரு கணக்கு முடிந்த சந்தோஷம்.

அபிராமி என் பக்கம் குனிந்தார். காதோரம் சிவந்திருந்தது.

"அம்மா, சின்ன ஒப்பரேசன்தான். கீழ வாற சதையை உள்ளுக்குத் தள்ளித் தைச்சு விடுவினம். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அவ்வளவுதான். அந்த ஒரு வசனத்தை விட்டுவிட்டார். வெட்கம். ஒரு பெண் வைத்தியர், என் மொழிக்காரி, எனக்கென்று கூப்பிடப்பட்டவர், என்னிடம் சொல்லவேண்டிய ஒரே விடயத்தை விழுங்கிவிட்டார். நான் தலையாட்டினேன். மொழி தெரியாதவளாக நடித்தவள் இடையில் எழுந்து கத்த முடியாது. என் புத்திசாலித்தனம் எனக்குக் கொடுத்த பரிசு அது. எல்லாவற்றையும் கேட்டேன், ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னல் பக்கம். பேராதனை தாண்டும்வரை பேசவில்லை. தாண்டியதும், கௌரியிடம் மீன் வாங்கச் சொல்லவா என்று கேட்டார்.

இந்த இடத்தில் சிலர் முகம் சுளிப்பீர்கள், இந்த வயதில் இவளுக்கு என்ன என்று. சுளித்துவிட்டு வாசியுங்கள்.

எனக்குக் கல்யாணமானபோது அரசாங்கப் பரீட்சை சித்தியடைந்திருந்தேன். உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. கணவரின் அக்கா எனக்குச் சொன்ன ஒரே அறிவுரை, சத்தம் போடாதே என்பது. மகன் பிறக்கும்போதே பெரிய பிள்ளையாக இருந்தான். ஆயுதம் போட்டு இழுத்தார்கள். தைத்து அனுப்பும்போது அடித்தளத் தசைக்குப் பயிற்சி இருக்கிறது, சலத்தை அடக்குவதுபோல இறுக்கித் தளர்த்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முப்பதுகளில் ஒவ்வொரு மாதமும் தள்ளிப்போய்விடுமோ என்ற பயம். கருத்தடை மாத்திரைக்குத் தலைசுற்றியது, லூப் போட்டேன், இரத்தம் அதிகமாகப் போனது. பயந்துகொண்டே படுப்பதில் எந்தப் பெண்ணுக்கு என்ன சந்தோஷம் கிடைக்கும்? மாதவிடாய் நின்ற பிறகுதான் எனக்கு அது புரிந்தது. பயம் போய்விட்டது, மகன் வெளியூர் வேலைக்குப் போயிருந்தான். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாட்களில் கடை பூட்டு, என் அலுவலகமும் பூட்டு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் வாசல் கதவையும் பூட்டுவோம். ஐம்பது வயதில் எனக்குக் கல்யாணம் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வறட்சி வந்தது. அதுவும் அந்த ஹோர்மோன் குறைவதால் வருவதுதான். உள்தோல் காகிதம்போல மெலிந்து, தொட்டாலே எரியும். பூசுவதற்குக் கிறீம் இருக்கிறது, வைத்தியர் எழுதிக்கொடுப்பார். எனக்கு அது தெரியாது. எண்ணெய் பூசிப் பார்த்தேன், பல்லைக் கடித்துக்கொண்டேன். அதன் பின் இந்தச் சதை இறங்கத் தொடங்கியது. ஒருநாள் அவர் கை அதில் பட்டது. சூடு பட்டதுபோல இழுத்துக்கொண்டார். அடுத்த போயாவிலிருந்து நண்பர்களோடு சீட்டு விளையாடப் போனார். நான் நோகக்கூடாது என்று விலகியிருக்கிறார் என நினைத்து, அவரிடம் உள்ளுக்குள் நன்றியோடு இருந்தேன். கிளினிக்கில் அவர் சிரித்த சிரிப்பைக் கேட்கும்வரை.

வாட்டில் அனுமதித்தார்கள். புண் ஆறும்வரை உள்ளே வைத்து மருந்துத் துணி கட்டினார்கள், சீனியை இறக்கினார்கள். பக்கத்துக் கட்டிலில் மடவளை ஹபீபா. என் வயது. கணவர் மௌத்தாகி அடக்கமாகி வெகுகாலம். அவருக்கும் அதே நோய், அதே இரண்டாவது வழி. பின்னேரங்களில் பார்வையாளர்கள் போனபின் நாங்கள் ரகசியங்களை மாற்றிக்கொண்டோம். நான் சாரிக் கிழிசலைச் சொன்னேன். அவர் மகனின் டெனிஸ் பந்தைத் துணியில் சுற்றிப் பாவித்த கதையைச் சொன்னார். எதிர்க் கட்டிலில் இருந்த சிங்கள அம்மாவுக்கு அதை நான் மெல்லிய குரலில் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, நோவில் அழுதார். சிரிக்கவைத்ததற்காகத் தாதி என்னைத் திட்டினாள், எனக்கு விளங்காது என்று நினைத்துச் சிங்களத்தில். நல்ல கெட்டவார்த்தைகள் தெரிந்துவைத்திருந்தாள்.

மூடப் போகிறார்கள் என்பது ஹபீபாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். அவருக்கு மகள் விளக்கியிருந்தாள்.

"நல்லாத் தெரியும் டீச்சர்," என்றார். எவ்வளவு சொல்லியும் அவருக்கு நான் டீச்சர்தான். "ஆறு புள்ள பெத்த எடம். மனுசன் உசிரோட ஈந்த காலத்துலயே எனக்கு அதுல ஒரு சொகமும் ஈக்கல்ல. தைச்சி நூலையும் வெட்டிருங்கன்னு நானே செல்லிட்டேன்."

"எனக்கு யாரும் சொல்லல," என்றேன். "அவரக் கேட்டாங்க. அவர் வேணாம்னுட்டார்."

ஹபீபா என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"ஒங்களுக்கு வேணுமா?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். பெரிய டொக்டர் கேட்கவில்லை, அபிராமி கேட்கவில்லை, கூடப் படுத்தவர் கேட்கவில்லை. வேணும் என்று சொல்ல நாக்கு கூசியது. வேணாம் என்று சொல்ல மனம் வரவில்லை. மூடுவதா வேண்டாமா என்று நான் சொல்லணும் என்று மட்டும் சொன்னேன். அப்ப சொல்லுங்க என்றார், ஏதோ பாண் வேணுமா சோறு வேணுமா என்பதுபோல.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் காலை பெரிய டொக்டர் சுற்றி வந்தார். மாணவர்கள், அபிராமி, தாதிகள் எல்லோரும். என் கட்டிலின் கால்மாட்டில் நின்று, நாளைக்கு மூடும் கேஸ் என்று அறிமுகப்படுத்தினார். அபிராமி எனக்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"டொக்டர், மொழிபெயர்க்க வேண்டாம்," என்று சிங்களத்தில் சொன்னேன். பிறகு பெரியவரிடம் திரும்பினேன். "சேர், எனக்கு மூடவேண்டாம். மற்ற சத்திரசிகிச்சையைச் செய்யுங்கள்."

தாதி கையிலிருந்த தட்டு சத்தம் போட்டது. அவள் என்னைத் திட்டிய வார்த்தைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருப்பாள். பெரிய டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மாவுக்குச் சிங்களம் தெரியுமா? ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை?"

"நீங்கள் கேட்கவில்லை."

"சரி. இப்போது கேட்கிறேன். ஏன் மூடவேண்டாம்? காரணம் என்ன?"

"என் கணவர் மூடச் சொன்னபோது அவரிடம் காரணம் கேட்டீர்களா சேர்?"

மாணவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். கிளினிக்கில் கேள்வி கேட்ட அந்த மாணவி மட்டும் என்னைப் பார்த்தாள். பெரிய டொக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எத்தனை நாளாகிறது, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். நேரம் கூடும், இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம், சீனி இருப்பதால் புண் பழுக்கலாம், சில வருடத்தில் மறுபடி இறங்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னார். நான் கேள்வி கேட்டேன், அவர் பதில் சொன்னார். நல்ல வைத்தியர்தான். வாயில்லாத உடம்புகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டவர். எழும்பும்போது, அம்மா ஒரு காரணமும் சொல்லவில்லையே என்றார். சொல்லமாட்டேன் என்றேன். உங்களுக்கும் சொல்லவில்லை, கவனித்திருப்பீர்கள்.

ஹபீபாவை எனக்கு முன் கொண்டுபோய் மத்தியானத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சுகமாக வீட்டுக்குப் போனார். போகும்போது தன் மிச்சப் பேரீச்சம்பழத்தை என் மேசையில் வைத்தார். மூடியது அவருக்குச் சரி. இதை நான் அடித்துச் சொல்கிறேன். ஏனென்றால் என் கதையை வாசித்துவிட்டு யாராவது அந்தச் சத்திரசிகிச்சையைத் திட்டிக்கொண்டு திரிவீர்கள்.

எனக்கு நடந்தது வேறு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். நினைவு இருந்தது. துணித் திரைக்கு அந்தப் பக்கம் அவர்கள் கிரிக்கெட் பேசுவது கேட்டது, பிறகு பேச்சு நின்றது. பேச்சு நின்றால் நல்லதல்ல என்று அலுவலகத்திலேயே தெரியும். இரத்தம் போனது. ஏற்றினார்கள். உள்ளே துணியை அடைத்து, சலத்துக்குக் குழாய் வைத்து வாட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் துணியை மறுநாள் உருவினார்கள். மந்திரக்காரன் தொப்பியிலிருந்து உருவுவதுபோல முடியவே முடியாமல் வந்தது. பிறகு காய்ச்சல். குழாயை எடுத்தபோது சலம் போகவில்லை. மறுபடி வைத்தார்கள். கேட்டு வாங்கினாயே, அனுபவி என்று ஒருவரும் வாயால் சொல்லவில்லை. தாதி முகத்தால் சொன்னாள்.

கௌரி வந்து உடம்பு துடைத்தாள். வீட்டில் நான் அவளைப் படுத்திய பாட்டுக்கு அவள் தண்ணீரைக் கொஞ்சம் குளிராக வைத்திருக்கலாம். வைக்கவில்லை. துடைத்துக்கொண்டே, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அத்தை, எனக்கும் சின்னவன் பொறந்ததுல இருந்து இருமினா சலம் வந்துருது. அவருகிட்ட சொன்னேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு சொன்னாரு."

அவர் என்பது என் மகன். அப்பாவின் பிள்ளை. அன்று பின்னேரமே அபிராமியைப் பிடித்து அவளை ஒப்படைத்தேன்.

கணவர் இரண்டு நாள் வரவில்லை. வந்தபோது என் தலைமாட்டில் நின்று சண்டை போட்டார், குரலை அடக்கிக்கொண்டு.

"சின்னதா முடியவேண்டியத இவ்ளோ பெரிசாக்கி வச்சிருக்கே. செத்துப் போயிருந்தா என்ன செஞ்சிருப்பே?"

"நான் ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டேன். நீங்க குடலிறக்கம்னு நோட்டீஸ் அடிச்சிருப்பீங்க."

ஆபத்து குறைவு என்றுதான் மூடச் சொன்னேன், உனக்காகத்தான் என்றார். அப்படியும் இருக்கலாம். அது உண்மை என்றால் கெலிஓயாவரை பஸ்ஸில் அதைச் சொல்ல நேரம் இருந்தது. மீனைப் பற்றிச் சொன்னாரே.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. நான் பெரிய டொக்டரோடு வாதாடி மூடவிடாமல் தடுத்த கதை கௌரி வழியாக அவருக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. அவர் அதை யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார், எல்லாம் தனக்காகத்தான் என்று. வீட்டுக்கு வந்தபின் தினமும் சவரம் செய்தார். மீசைக்கு மை பூசினார். சீட்டு விளையாடப் போகவில்லை. தோடம்பழம் உரித்து நாரெடுத்துக் கொடுத்தார், மாலையில் என் காலுக்கு எண்ணெய் தேய்த்தார். நண்பர் ஒருவரிடம் தொலைபேசியில், பொம்பளைங்க மனச நம்மால அளக்க முடியாதுப்பா என்று பெருமையாகச் சொன்னது சமையலறைவரை கேட்டது. நான் மறுக்கவில்லை. கால் நோகத்தான் செய்தது.

கடைசி கிளினிக்குக்கும் கூடவே வந்தார், இஸ்திரி போட்ட சேர்ட்டில். இம்முறை உள்ளே என்னை மட்டும் கூப்பிட்டார்கள். அபிராமி பார்த்தார். மாணவர்கள் இல்லை. கதவைச் சாத்தியிருந்தார். பார்த்து முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு வந்து எனக்கு நேரே உட்கார்ந்தார்.

"புண் வடிவா ஆறிட்டுது அம்மா. கிறீமைக் கிழமையில ரெண்டு தரம் பாவியுங்கோ. இனி நீங்கள் ரெண்டு பேரும் விரும்பினால் சேர்ந்து இருக்கலாம். நொந்தால் நிப்பாட்டிப்போட்டு எங்களிட்ட வாங்கோ."

காது சிவக்கவில்லை. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை, அடுத்தவளுக்குச் சொல்லுங்கள் என்றேன். எழும்பி வந்தேன்.

பஸ் தரிப்பில் கணவர் எனக்கு நிழல் பார்த்து நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

"என்ன சொன்னாங்க?"

"புண் ஆறிருச்சாம்."

"வேற?"

"ரெண்டு பேரும் விரும்பினா சேர்ந்து இருக்கலாமாம்."

அவர் முகம் பூத்தது. மீசையைத் தடவினார். "சரி சரி, ரோட்டுல வச்சு எதுக்கு அதெல்லாம்," என்றார், என் பையை வாங்கிக்கொண்டு.

"டொக்டர்கிட்ட நான் என் பதிலத்தாங்க சொன்னேன்," என்றேன். "உங்க பதில மாத்தல. நீங்க அன்னைக்கு வேணாம்னு சொன்னபடியே இருக்கு."

பை அவர் கையில் தொங்கியது. என்ன சொல்கிறேன் என்று விளங்க அவருக்கு நேரம் எடுத்தது. விளங்கியபோது முகத்தில் இருந்தது கோபம் அல்ல. அது கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கம்பளை பஸ் வந்து நின்றது. நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் தரிப்பிலேயே நின்றுகொண்டிருந்தார். கண்டக்டர் மணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, மாத்தையா வருகிறாரா இல்லையா என்று சிங்களத்தில் கேட்டான்.

"அவரையே கேளுங்கள்," என்றேன்.